எம்மாவின் பிள்ளைகள் கடந்த ஆறு

எம்மாவுக்கு வந்த கடிதத்தை யுவராணிதான் திறந்தாள். வேறு யார் திறப்பது? எம்மா என்று ஒருத்தி உலகத்திலேயே கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு கோழிக்கடையின் மாடியில் இருக்கிறது முத்து கன்டென்ட் சர்வீசஸ். நான்கு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் கேன், சுவரில் லண்டன் மணிக்கூண்டுப் படம். கீழே கடைக்காரர் கழுவி விடும் தண்ணீர் சன்னலுக்கு நேராகச் சாக்கடையில் வந்து தேங்கும். சன்னலைத் திறந்தால் நனைந்த இறகு வாடை. மூடினால் முதலாளி முத்துக்கிருஷ்ணனின் வாடை. நேற்றைய வேர்வை, அதன்மேல் இன்றைய சென்ட். இரண்டில் எது தேவலை என்று இரண்டு வருடமாக யுவராணியால் முடிவு செய்ய முடியவில்லை.

அங்கே எழுதுவதெல்லாம் இங்கிலாந்துக்காரர்கள் படிப்பதற்கு. குடும்பத்தோடு கிராமப்புறத்தில் நடக்கப் போகிறவர்களுக்கு வழி சொல்லும் ஒரு வலைத்தளம். எந்த மேட்டில் ஏறலாம், எந்த ஆற்றங்கரையில் பிள்ளைகளை ஓடவிடலாம், எங்கே உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். எழுதுகிறவள் எம்மா. வயது முப்பத்தைந்து. மூர் என்று அவர்கள் சொல்லும் மரமில்லாத மேட்டு வெளிக்குப் பக்கத்தில் வீடு. இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். சிரித்த முகமாக ஒரு படமும் உண்டு. அந்த முகத்தை முத்துக்கிருஷ்ணன் ஏ.ஐ. மெஷினில் செய்திருந்தார். முகத்தை மெஷின் செய்யலாம், எழுத்தைச் செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை.

"மெஷின் எழுதுனா கண்டுபிடிச்சிர்றாய்ங்கம்மா. மனுச வாசன வேணுங்கிறாய்ங்க" என்பார்.

அந்த மனுச வாசனைக்காகத்தான் எம்.ஏ. ஆங்கிலம் படித்த யுவராணி சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, மாலை ஆறு மணி வரை எம்மாவாக இருந்தாள்.

கடிதம் எழுதியிருந்தவள் பெயர் ஹெலன்.

"அன்புள்ள எம்மா, ஹார்வென் மூர் நடை பற்றி நீங்கள் எழுதியதை நம்பி ஞாயிற்றுக்கிழமை போனோம். நான், என் கணவர், எட்டு வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண். கோடையில் ஆறு வற்றிவிடும், குறுக்கே போட்டிருக்கும் கற்களில் பிள்ளைகள் துள்ளிக்கொண்டே அக்கரை போய்விடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் போனபோது கற்களுக்கு மேல் தண்ணீர் ஓடியது. ஒரு சாண்தானே என்று கால் வைத்தோம். என் மகளை ஆறு இழுத்துக்கொண்டது. கணவர் மார்பளவு தண்ணீரில் குதித்து அவள் சட்டையைப் பிடித்தார். அக்கரை போக முடியாததால் வந்த வழியே திரும்பினோம். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிற கருஞ்சேறு. நான்கு மணி நேரம் நடந்தோம். இதைத்தான் சுலபமான நடை என்று எழுதியிருந்தீர்கள். மகள் இப்போது குளிக்கிற தொட்டியில்கூட இறங்க மாட்டேன் என்கிறாள். உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். உங்கள் பிள்ளைகள் உண்மையிலேயே அந்த இடத்தில் கடந்தார்களா?"

யுவராணிக்கு வாயில் உப்புக் கரித்தது. ஹெலனின் மகளுக்கு ஐந்து வயது. யுவராணியின் மகள் கீர்த்தனாவுக்கும் ஐந்து.

சோம்பலில் எழுதியதல்ல அது. ஹார்வென் மேப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, ஆற்றில் எத்தனை வளைவு, எந்த வளைவில் கற்கள் என்று குறித்துக்கொண்டுதான் எழுதினாள். ஆனால் மேப்பில் தண்ணீர் ஓடாது. ஆகஸ்ட் அவர்களுக்குக் கோடை என்று தெரியும். கோடை என்றால் ஆறு காயும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடகனாற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆறு என்றால் மணல். மணலில் நாலு ஆடு, ஓரத்தில் சீமைக்கருவேலம், நடுவில் பையன்கள் நட்டுவைத்த ஸ்டம்பு. தண்ணீர் என்பது எப்போதாவது வந்து, ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கிற விருந்தாளி.

அந்த நடையின் ஒன்பது மைலை 'சுலபம்' என்று போட்டதும் அப்படித்தான். கணக்குப் பார்த்தால் பதினாலரைக் கிலோமீட்டர். போன தைப்பூசத்துக்கு முன் கீர்த்தனா செம்பட்டி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு மூன்று நாள் நடந்தாள். நாலு வயது முடிந்த பிள்ளை, வெறுங்கால், பாதி தரையில், பாதி அப்பன் தோளில். கைக்குழந்தையை முதுகுத் தூளியில் போட்டுக்கொண்டு எத்தனை பெண்கள் கூட நடந்தார்கள். ஷூ மாட்டிக்கொண்டு, வெயிலில்லாத ஊரில், பதினாலு கிலோமீட்டர் நடப்பது ஒரு நடையா? 'நாலு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஏற்றது' என்று தட்டிவிட்டாள். பழனிப் பாதையில் அடிக்கு அடி மோர்ப்பந்தலும், கால் பிடித்துவிட ஆளும், முன்னும் பின்னும் ஆயிரம் ஜனமும் இருப்பார்கள் என்பதும், ஹார்வெனில் கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஒரு ஈ காக்கை இருக்காது என்பதும் அப்போது தோன்றவில்லை.

இதெல்லாம்கூடத் தெரியாமல் செய்தது. கடைசி வரி மட்டும் தெரிந்தே எழுதியது. 'என் நாலு வயதுக்காரி இந்தக் கற்களில் என் கையைக்கூடப் பிடிக்காமல் கடந்தாள்.' மனுச வாசனைக்காகப் போட்டது. அந்த வரியைப் படித்துவிட்டு முத்துக்கிருஷ்ணன் தொடையில் தட்டிக்கொண்டு பாராட்டினார்.

பத்து மணிக்கு அவர் வந்தார். காதுக்குள் பைக் சாவியை விட்டுத் திருகிக்கொண்டே வந்து, யுவராணியின் தோளுக்குப் பின்னால் நின்று கடிதத்தைப் படித்தார். சாவி நுனியை வெளியே எடுத்து, அதில் என்ன வந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்தார்.

"புள்ள பொழச்சிருச்சுல்ல?"

"பொழச்சிருச்சு சார்."

"அப்பறம் என்ன."

"அந்தப் பக்கத்த எடுத்துருவோம் சார்."

"எடுக்கவா? வர்ற திங்கக்கெழம அவய்ங்களுக்கு லீவு. ஊரே நடக்கப் போகும். நம்ம பக்கங்கள்லயே அம்புட்டுப் பேரு பாக்குறது இதத்தான். எடுத்தா கிளையன்ட் ஏன்னு கேப்பான். எம்மாவ வீடியோல வரச் சொல்லுவான். நீ போய் உக்காருவியா?"

யுவராணி மறுபடி திரையைப் பார்த்தாள்.

"பதில் போடு. சொல்றேன், அடி" என்று அவர் சாவியாலேயே கீபோர்டைத் தட்டிக் காட்டினார். "மொதல்ல மன்னிப்பு. அப்பறம், இந்த வருசம் மழ வழக்கத்துக்கு மாறாப் பேஞ்சிருச்சுன்னு போடு. ஆமா, எம் புள்ளைக அங்கதான் கடந்துச்சுகன்னு போடு. அத அழுத்திப் போடு. அப்பறம், தண்ணி கூட இருந்தா நூறு மீட்டர் மேல போங்க, ஒரு மரப்பாலம் இருக்குன்னு போட்ரு."

"அங்க பாலம் இல்ல சார்."

"நீ போய்ப் பாத்தியா?"

"மேப்புல இல்ல."

"மேப்புல இல்லாட்டி இல்லாமப் போயிருமா? எங்க ஊரு வாய்க்காலுக்குக் குறுக்க பனமரத்தப் போட்டு அம்பது வருசமா நடக்குறோம். அது மேப்புலயா இருக்கு? ஆறுன்னா எங்கனயாச்சும் ஒரு பாலம் இருக்கும்மா. அடி."

அடித்தாள். 'அன்புடன் எம்மா' என்று முடித்தாள். அனுப்பியதும் எழுந்து கை கழுவப் போனாள். வாஷ்பேசினில் யாரோ காறித் துப்பியது காய்ந்திருந்தது. சோப்பில் ஒரு நீள முடி. அந்தச் சோப்பைத்தான் எடுத்துத் தேய்த்தாள். கை சுத்தமானதாகத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது பக்கத்துச் சீட்டு ரோசலின் மும்முரமாக இருந்தாள். போன வருடம் சேர்ந்த பெண். அதே ஹார்வென் பக்கத்தின் கீழே, போய்வந்தவர்கள் பாராட்டுகிற மாதிரி ஆறு கருத்துப் போடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் முதலாளி.

"அக்கா, வெள்ளக்காரத் தாத்தா ஒருத்தருக்குப் பேரு வேணும். எங்கிட்ட பைபிள் பேருதான் இருக்கு. பீட்டர், பால், மேரி எல்லாம் போட்டாச்சு."

"எனக்குத் தெரியாது."

"சரி, ஜான்னு போட்டுக்கிறேன். 'பேரப்பிள்ளைகளோடு போனேன், அருமை.' போதுமாக்கா?"

"போதும் ரோசலின். நிறுத்து."

ரோசலின் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "மசக்கையாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மசக்கையாக இருந்திருந்தால் வாந்தி எடுத்தாவது தொலைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெலனின் பதில் வந்தது.

"அன்புள்ள எம்மா, இவ்வளவு பரிவான பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு தாய் சொல்வதை இன்னொரு தாய் நம்பாமல் யார் நம்புவது? உங்களைப் பற்றி என் தங்கையிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. அவள் வருகிற திங்கட்கிழமை தன் மூன்று பிள்ளைகளோடு ஹார்வென் போகிறாள். கடைசிக்கு மூன்று வயது. நீங்கள் சொன்ன மரப்பாலத்தை அவளுக்குச் சொல்லிவிட்டேன்."

யுவராணி எழுந்து முதலாளியின் மேஜைக்குப் போனாள். முத்துக்கிருஷ்ணன் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு எலும்பை உறிஞ்சி முடித்தார்.

"தங்கச்சி போனா போகட்டும். நம்மளா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறோம்?"

"மூணு வயசுப் புள்ள சார். இல்லாத பாலத்தத் தேடி ஆத்தங்கரையோட போவாங்க."

"தேடிப் பாத்துட்டு இல்லன்னா திரும்பிருவாங்க. வெள்ளக்காரன் வெவரமானவன்மா."

"போன ஞாயித்துக்கெழம அந்த வெவரமானவன்தான் சார் மார்பளவு தண்ணில நின்னான்."

முத்துக்கிருஷ்ணன் எலும்பைப் பொட்டலத்தின் ஓரத்தில் வைத்தார். அது உருண்டு, மவுஸ் மேல் போய் நின்றது. அதை எடுக்கவில்லை.

இந்த இடத்தில் யுவராணிக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கேதான் வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "பாலம் ரிப்பேர்னு எழுதிரட்டா சார்? லீவு முடியிற வரைக்கும் மூடியிருக்குன்னு?"

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா. இம்புட்டு நாளா என்கூட உக்காந்து நீயே கத்துக்கிட்ட." எண்ணெய்க் கையாலேயே அவள் தோளைத் தட்ட வந்தார். யுவராணி பின்னால் நகர்ந்தாள். கை காற்றில் நின்று, பிறகு சுவர் ஓரத்துத் திரைச்சீலையில் துடைத்துக்கொண்டது. அந்தத் திரைச்சீலையில் அந்த உயரத்தில் பழைய மஞ்சள் கறைகள் வரிசையாக இருந்ததை அன்றைக்குத்தான் அவள் கவனித்தாள்.

பாலம் ரிப்பேர் என்று எழுதி அனுப்பினாள். பஸ்ஸில் வரும்போது, பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கற்றுக்கொண்டாய் என்று அவர் சொன்னது தலையில் தேய்த்த விளக்கெண்ணெய் மாதிரி இறங்காமல் பிசுபிசுத்தது. ராத்திரிச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்காரன் கருப்புசாமி சம்பங்கிப் பூவை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து, "கெளம்புங்க, அணைக்குப் போயிட்டு வருவோம். எல்லாரும் நடக்கிறதப் பத்தி எழுதுற, ஒரு நா நீயும் நட" என்றான். கீர்த்தனா முந்திக்கொண்டு பைக் டேங்கில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஆத்தூர் அணையில் கரைமேல் நடந்தார்கள். எதிரே மலை நீலமாக, மேகத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு அழகாகத்தான் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் மலை. குனிந்து பார்த்தால் உடைந்த பீர் பாட்டில், ஊறிப்போன பேப்பர் தட்டு, குழம்பு ஒட்டிய பிளாஸ்டிக் பை, அதைக் கிழித்துக்கொண்டிருந்த நாய். தண்ணீர் ஓரத்தில் ஒரு குழந்தையின் டயப்பர் உப்பிப்போய் மிதந்தது. பக்கத்திலேயே ஒரு குடும்பம் விரிப்புப் போட்டுத் தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்த தட்டை அந்தக் குடும்பத்துப் பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே தண்ணீரை நோக்கி வீசினார். தட்டு சுழன்றுகொண்டே போய் விழுந்ததைப் பிள்ளைகள் ரசித்துச் சிரித்தார்கள்.

"ஒங்க எம்மா இங்கிட்டு வந்தா என்ன எழுதுவா?" என்றான் கருப்புசாமி.

"குடும்பத்தோட வரத் தகுந்த எடம்னு எழுதுவா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த போன் அதிர்ந்தது. எம்மாவின் கடிதங்கள் அதிலும் வரும்.

"அன்புள்ள எம்மா, பாலம் மூடியிருப்பதைச் சொன்னதற்கு நன்றி. நல்லவேளையாக மூன்று நாளாக மழை இல்லை. அதனால் தங்கை அந்தக் கற்கள் வழியாகவே போவதாக முடிவு செய்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். உன் அதிர்ஷ்டம் கெட்ட நாள் அது, எம்மாவின் நாலு வயதுக்காரி கையைக்கூடப் பிடிக்காமல் கடந்த இடம்தானே என்கிறாள். நாளை காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறார்கள்."

யுவராணி கரையிலேயே உட்கார்ந்தாள். முதல் பொய் பாலத்துக்கு அனுப்பியது. இரண்டாவது பொய் பாலத்திலிருந்து திருப்பி, நேராக ஆற்றுக்கே அனுப்பிவிட்டது. இனி மூன்றாவதாக ஒன்று சொல்லலாம். கற்கள் உடைந்துவிட்டன எனலாம். காட்டெருமை எனலாம். அதற்கு என்ன பதில் வருமோ, எந்தப் பிள்ளை எங்கே இறங்குமோ.

"என்ன புள்ள, மொகம் இப்படிப் போச்சு?"

சொன்னாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கருப்புசாமி குறுக்கே பேசாமல் கேட்டான். முடிவில் அவனுக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான்.

"கீர்த்தனாவையா எழுதுன?"

"பேரு போடல."

"நாலு வயசு, கையப் புடிக்காமப் போனான்னா அது கீர்த்தனாதான. நம்ம புள்ள இன்னைய வரைக்கும் ஆத்துல தண்ணியவே பாத்ததில்லையே."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னான். அதனால்தான் அது யுவராணிக்கு உறைத்தது. முத்துக்கிருஷ்ணன் மெஷினில் முகம் செய்தார். அவள் பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் அந்த முகத்துக்கு மகளாக்கி, பொய்ச் சாட்சி சொல்ல நிறுத்தியிருந்தாள். சாவியால் காது குடைகிற ஆளைப் பார்த்து இரண்டு வருடமாக முகம் சுளித்தவள், அவர் செய்யாததைச் செய்திருந்தாள்.

"உண்மையச் சொன்னா வேல போயிரும்" என்றாள்.

"போகட்டும்னு நான் சொல்லமாட்டேன். நீ கஷ்டப்பட்டுப் படிச்ச படிப்பு. இங்கன அதுக்குன்னு இருக்கிறதும் அந்த ஒரு வேலதான்."

"வேல கூட வேற பாத்துக்கலாங்க. நாந்தான் எம்மான்னு அந்தம்மாகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

கீர்த்தனா செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தண்ணீரைத் தொட வேண்டும். ஓரத்தில் இருந்த கருங்கல் ஒன்றில் கால் வைத்தாள். அதில் படிந்திருந்த பாசி வழுக்கி, சேற்றில் முழங்கால் வரை போனாள். யாரோ கொட்டிய சோற்றுப் பருக்கைகள் அவள் காலில் அப்பின. நாலே எட்டில் யுவராணி கீழே போய் அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள். ஆழம் ஒன்றுமில்லை. பிள்ளை பயப்படவுமில்லை. "நாத்தம்மா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

மகளைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு அவள் கரையில் உட்கார்ந்து எழுதினாள். ஆங்கிலத்தில் அவ்வளவு சிரமப்பட்டு அவள் எழுதியது அதுவரை இல்லை. அழகான வார்த்தை வந்தபோதெல்லாம் அழித்தாள்.

"ஹெலன், எம்மா என்று யாரும் இல்லை. என் பெயர் யுவராணி. நான் இந்தியாவில் திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிறேன். ஹார்வென் ஆற்றை நான் பார்த்ததில்லை. உங்கள் நாட்டுக்கே வந்ததில்லை. கோடையில் ஆறு வற்றும் என்று எழுதியது என் ஊர் ஆற்றை நினைத்து. ஒன்பது மைல் சுலபம் என்று எழுதியதும் என் ஊர் வழக்கத்தை நினைத்து. அவை தவறுகள். மரப்பாலம் தவறு அல்ல, பொய். அதை ரிப்பேர் என்றது இரண்டாவது பொய். என் மகள் எந்த ஆற்றையும் கடந்ததில்லை. அந்தப் பக்கத்தின் கீழே இருக்கும் பாராட்டுகளும் எங்கள் அலுவலகத்தில் எழுதியவை. உங்கள் தங்கை பிள்ளைகளோடு அங்கே போக வேண்டாம். அவர் போகப் போவதில்லை என்று மட்டும் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்."

அனுப்பினாள். அதையே ஹார்வென் பக்கத்தின் கீழும், பீட்டருக்கும் பாலுக்கும் ஜானுக்கும் அடியில் போட்டாள். மணி பதினொன்றரை. அங்கே காலை ஏழு.

வீட்டுக்கு வந்து கீர்த்தனாவின் காலை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். மூன்றாவது தடவையில் பிள்ளை அழ ஆரம்பித்தாள். "சுத்தமாத்தானம்மா இருக்கு" என்றாள். யுவராணி மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான். நாற்றம் அவள் மூக்கிலேயே தங்கிவிட்டிருந்தது.

ஒரு மணி. இரண்டு மணி. சோறு இறங்கவில்லை. போனை அடுப்படி ஜன்னலில் வைத்துவிட்டுத் தட்டுக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி எடுத்துக் கழுவினாள். மூன்று மணிக்கு முத்துக்கிருஷ்ணன் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார், பிறகு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "என்னம்மா கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு. கிளையன்ட் காலங்காத்தாலயே முழிச்சுக்கிட்டுக் கத்துறான். நாளைக்கு வந்து ஒஞ் சாமானை எடுத்துக்கிட்டுப் போயிரு." நடுவே ஏதோ மென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

நாலே கால் மணிக்கு ஹெலனின் பதில் வந்தது. அன்புள்ள என்ற வார்த்தை இல்லை. இரண்டே வரி.

"உன்னை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. என் தங்கை போகப் போவதில்லை."

யுவராணி முதல் வரியை ஒரு தடவை படித்தாள். அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். இரண்டாவது வரியைப் படித்துக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டில் சோறு போட்டு, மத்தியானத்துச் சுண்டவத்தல் குழம்பை ஊற்றி, நின்றபடியே சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை சாமான் எடுக்கப் போனாள். ஒரு டிபன் பாக்ஸ், நாற்காலியில் போட்டிருந்த குஷன், ஒரு ஆங்கில அகராதி. வலைத்தளக்காரர்கள் ஹார்வென் பக்கத்தை மட்டுமல்ல, எம்மா எழுதிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். முத்துக்கிருஷ்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துத்தான் படியேறினாள்.

அவர் ரோசலினின் கம்ப்யூட்டர் முன்னால் உற்சாகமாக உட்கார்ந்திருந்தார். திரையில் எம்மாவின் சிரித்த முகம். அதற்கு மூக்குக்கண்ணாடி மாட்டி, முடியைப் பழுப்பாக்கிக்கொண்டிருந்தார். காதுக்குள் சாவி.

யுவராணியைத் திரும்பிப் பார்த்து, "வா" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "இது சோஃபி. வேற கிளையன்ட் புடிச்சாச்சு. இது ஸ்காட்லாந்து. ரெண்டு புள்ள வேணாம், ஒண்ணு போதும்னு பாக்குறேன். நாய் இருக்கட்டும்."

அவர் மேல் கோபப்பட அவளுக்குத் தோன்றவில்லை. கரப்பான் நசுங்கிய இடத்தைத் தாண்டுகிற மாதிரி ஒதுங்கிப் போய், குஷனை எடுத்து உதறினாள். டிபன் பாக்ஸை எடுத்தாள். அகராதியின் அட்டையில் மஞ்சளாக ஒரு விரல் ரேகை இருந்தது. எடுத்த அகராதியை அங்கேயே வைத்துவிட்டாள்.

ரோசலின் படிக்கட்டு வரை கூட வந்தாள்.

"அக்கா, ஹார்வெனப் படிச்சேன். நீங்க போட்டதயும் படிச்சேன்" என்றாள். பிறகு, கீழே கோழிக்கடையில் கத்தி தீட்டும் சத்தத்துக்கு நடுவே, "இனிமே என்னய எழுதச் சொல்றாருக்கா. மலை, ஆறு எல்லாம். எனக்கு மூர்னா என்னன்னே தெரியாது."

யுவராணி கைப்பிடிச் சுவரைத் தொடாமல் இரண்டு படி இறங்கினாள். நின்று திரும்பினாள்.

"எனக்கும் தெரியாது ரோசலின்" என்றாள். "தெரியாதுன்னு எழுது."